சின்ன போலீஸ் துறைக்கு பாடி கேமரா: பணத்தை எங்கே தேடுவது, எங்கிருந்து தொடங்குவது

அமெரிக்காவில் நீங்கள் இருக்கும் ஊரின் கவுன்சிலிலோ போலீஸ் துறையிலோ பாடி கேமரா (போலீஸ் அதிகாரி உடையில் மாட்டிக்கொள்ளும் சிறிய வீடியோ கேமரா) பற்றிப் பேச்சு எழுந்திருந்தால், விற்பனையாளரின் விலைப் பட்டியலை முதலில் கையில் எடுக்காதீர்கள். கேமரா வாங்குவதோடு செலவு முடியாது, அதில் பதிவாகும் வீடியோவைச் சேமிப்பதும், அதைக் கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு முகங்களை மங்கலாக்கிக் கொடுப்பதும்தான் ஆண்டுதோறும் பட்ஜெட்டைக் கடிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் 10 பேர் பணியில் இருக்கிறார்கள், ஒருவர் 3 மணி நேரம் பதிவு செய்கிறார், மணிக்கு 2 ஜிபி என்று வைத்தால், ஒரு நாளைக்கு 60 ஜிபி, ஆண்டுக்கு ஏறக்குறைய 22 டெராபைட். கொலை வழக்கு வீடியோவைப் பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், வழக்கே இல்லாத சாதாரண வாகனச் சோதனைக்கு அத்தனை நாள் தேவையில்லை. எதை எத்தனை நாள் வைப்பது என்று முடிவு செய்யாமல் சேமிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே கூடாது (உங்கள் மாநிலச் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள்).

சரி, பணம். 2014 ஆகஸ்டில் மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் அதிகாரியால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஒபாமா அரசு மூன்று ஆண்டுகளில் 7.5 கோடி டாலர் செலவிட்டு 50,000 கேமராக்கள் வாங்க உதவலாம் என்று முன்மொழிந்தது. 2015 செப்டம்பரில் மத்திய அரசின் நீதி அமைச்சகம் முதல் தவணையாக 73 துறைகளுக்கு 2.3 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அந்த மானியத்துக்கு ஈடாக அதே அளவு பங்கை ஊரும் போட வேண்டியிருந்தது, நீண்ட காலச் சேமிப்புக்கான திட்டமும் செலவும் ஊரின் பொறுப்பாக இருந்தது. அதனால் விண்ணப்பிக்கும்போதே மானியம் தீர்ந்த மறு ஆண்டின் பட்ஜெட்டை எழுதி நிதி அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். உள்ளூர் போலீஸ், நீதிமன்றப் பணிகளுக்கு மத்திய அரசு தரும் ஜேஏஜி (JAG) என்ற பொது மானியத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த ஆண்டின் அறிவிப்பை முழுதாகப் படிக்காமல் இறங்காதீர்கள்.

கொள்கை ஆவணம் இல்லாமல் மானியத்தின் பெரும்பகுதியைத் தொட முடியாது, அதை நல்ல நிபந்தனை என்றே நினைக்கிறேன். எப்போது ஆன் செய்வது, எப்போது நிறுத்துவது, வீட்டுக்குள்ளும் மருத்துவமனையிலும் என்ன செய்வது, அறிக்கை எழுதுமுன் அதிகாரி வீடியோவைப் பார்க்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். போலீஸ் யூனியன், அரசு வழக்கறிஞர் அலுவலகம், பொதுமக்கள் மூவரையும் வரைவு நிலையிலேயே உட்கார வையுங்கள், ஏனென்றால் வீடியோ குவியும்போது முதலில் திணறப்போவது வழக்கறிஞர் அலுவலகம்தான்.

ஆன் செய்யும் விதி ஏன் முக்கியம் என்பதற்கு பால்டிமோரைப் பாருங்கள். 2017 ஜனவரியில் ஓர் அதிகாரி சந்தில் குப்பைக்குள் போதைப்பொருள் பையை வைத்துவிட்டு, தெருவுக்கு வந்து கேமராவை ஆன் செய்து, திரும்பிப் போய் அதை 'கண்டுபிடித்தார்'. பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 விநாடிகளை ஒலியில்லாமல் அந்தக் கேமரா தானாகவே சேமித்திருந்தது. அவர் மீது குற்றம் நிரூபணமானது. வாங்கும்போது இந்த முன்பதிவு எத்தனை விநாடி, அதில் ஒலி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

கவுன்சிலில் அதிகமாக வாக்குக் கொடுக்காதீர்கள். கலிஃபோர்னியாவின் ரியால்ட்டோவில் 2012-13இல் நடந்த ஆய்வில் பலப்பிரயோகமும் புகார்களும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் வாஷிங்டன் டிசியில் 2,000க்கும் மேற்பட்ட அதிகாரிகளை வைத்து நடந்த ஆய்வு, 2017இல், குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காட்டவில்லை.

முதலில் ஒரு ஷிப்டுக்கு மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள், பேட்டரி முழு ஷிப்டுக்கும் தாங்குகிறதா, குளிர்கால ஜாக்கெட்டில் கிளிப் நிற்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அப்புறம் மேலதிகாரி ஒருவர் வாரந்தோறும் போலீஸுக்கு வந்த சில அழைப்புகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவற்றுக்கு வீடியோ இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று அந்த அழைப்புக்குப் போன அதிகாரி எழுத்தில் விளக்க வேண்டும், இதையும் கொள்கையிலேயே எழுதிவிடுங்கள்.