லிப்வெப்பி ஓட்டை: அப்டேட் போட்ட பிறகும் நடக்கும் தவறுகள்

2023 செப்டம்பரில் வெளியே வந்த சிவிஇ-2023-4863 என்ற பாதுகாப்பு ஓட்டை பலருக்கு நினைவிருக்கும். வெப்பி (WebP) வகைப் படங்களைப் பிரித்துப் படிக்கும் லிப்வெப்பி லைப்ரரியில் ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ, அதாவது ஒதுக்கிய மெமரி இடத்தை (பஃபர்) தாண்டி எழுதிவிடும் பிழை. கூகுளுக்கு அதைச் சொன்னது ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக் குழுவும். குரோமுக்கு பேட்ச் (திருத்தம்) வந்தபோதே தாக்குதல்காரர்கள் கையில் அது இருந்தது. அதனால் "படம் திறந்தால் ஆப் கிராஷ் ஆகும், அவ்வளவுதானே" என்று இந்த மாதிரி ஓட்டையை ஒதுக்குவதுதான் முதல் தவறு. பஃபருக்கு வெளியே எழுத முடிகிறது என்றால், கிராஷ் என்பது குறைந்தபட்ச விளைவு மட்டும்தான்.

அடுத்தது, குரோமை அப்டேட் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பது. ஆரம்பத்தில் இதை குரோம் ஓட்டை என்றே பதிவு செய்திருந்தார்கள், அதனால் லைப்ரரியை நேரடியாகப் பயன்படுத்தும் எத்தனையோ பேர் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் 1.3.2-க்கு முந்தைய லிப்வெப்பி எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் ஆபத்து. எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் எழுதிய ஒவ்வொரு டெஸ்க்டாப் ஆப்பும் தனக்கென்று ஒரு குரோமியத்தை (குரோமின் அடிப்படை) சுமந்துகொண்டு வருகிறது. பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ லைப்ரரியின் வீல் கோப்புக்குள் (நிறுவத் தயாராக வரும் தொகுப்பு) லிப்வெப்பியின் தனிப் பிரதி இருக்கிறது. சர்வரில் சிஸ்டம் பேக்கேஜை எத்தனை முறை அப்டேட் செய்தாலும் அந்தப் பிரதி அசையாது, பில்லோவை 10.0.1-க்கோ அதற்கு மேலோ கொண்டுபோனால்தான் மாறும். லைப்ரரியைத் தனக்குள்ளேயே சேர்த்து, ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த பைனரி என்றால் மறுபடி பில்ட் செய்வதைத் தவிர வழி இல்லை. ஆப்பையும் அதன் லைப்ரரிகளையும் ஒன்றாகக் கட்டிய கன்டெய்னர் இமேஜும் அப்படித்தான்.

சரி, பேக்கேஜ் அப்டேட் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் பழைய லைப்ரரியை மெமரியில் வைத்துக்கொண்டே இருக்கும், வட்டில் இருக்கும் புதிய கோப்பு அதற்குத் தெரியாது. லினக்ஸில் அந்த புராசஸ் எந்தெந்தக் கோப்புகளை மெமரியில் வைத்திருக்கிறது என்று காட்டும் மேப்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள்: லிப்வெப்பி வரியின் கடைசியில் 'டிலீட்டட்' என்று இருந்தால் இன்னும் பழையதுதான் ஓடுகிறது, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வெர்ஷன் எண்ணை மட்டும் பார்த்துப் பதறுவதும் வேண்டாம். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் பதிப்புகளை வெளியிடுபவர்கள் பழைய வெர்ஷனிலேயே பேட்சைச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் சிவப்புக் காட்டுகிறதே என்று சோர்ஸிலிருந்து தனியாக ஒன்றை நிறுவினால், அப்புறம் எந்தப் பிரதி எங்கே லோட் ஆகிறது என்று தேடவேண்டியிருக்கும்.

"நாங்கள் ஜேபிஜி மட்டும்தான் வாங்குகிறோம்" என்று சொல்பவர்கள் கோப்புப் பெயரை நம்புகிறார்கள். பில்லோ பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே தொடக்க பைட்டுகளில் 'ரிஃப்', 'வெப்பி' போன்ற குறிகள் இருந்தால் வெப்பி டிகோடரிடம் கொடுத்துவிடும், பெயர் ஜேபிஜி என்றிருந்தாலும். படத்தைத் திறக்கும்போதே எந்த ஃபார்மட்டுகளை ஏற்கலாம் என்று பட்டியல் கொடுக்க அதில் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

கோப்பைப் பிரித்துப் படிக்கும் பார்சர் எழுதுபவர்களுக்குத்தான் இந்த ஓட்டையில் பாடம் அதிகம். வெப்பியின் லாஸ்லெஸ் (தரம் குறையாத சுருக்கம்) பகுதியில் ஹஃப்மன் அட்டவணைகளுக்கு (சுருக்கக் குறியீடுகளை மதிப்புகளாக மாற்றும் அட்டவணைகள்) இடம் ஒதுக்க, அதிகபட்சம் எத்தனை பதிவுகள் வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். கலர் கேஷ் (அண்மையில் வந்த நிறங்களின் சேமிப்பு) இல்லாத படத்துக்கு 2954. ஒழுங்கான குறியீடுகள் வந்தால் அந்தக் கணக்கு சரி. ஆனால் குறியீடுகள் ஒழுங்கானவையா என்ற சோதனை அட்டவணையை எழுதி முடித்த பிறகுதான் நடந்தது, அதற்குள் எல்லை தாண்டி எழுதியாகிவிட்டது. எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் கணக்கிட்டு, அப்புறம் எழுதும்படி திருத்தினார்கள். இதே லைப்ரரியைப் பல வருடங்கள் ஃபஸ் செய்துகொண்டிருந்தும் (தாறுமாறான கோப்புகளைக் கொடுத்துச் சோதிப்பது) இது சிக்கவில்லை, ஏனென்றால் நான்கு அட்டவணைகளை மிகப் பெரிய அளவுக்கு நிரப்பி, ஐந்தாவதைக் கெட்ட குறியீடுகளால் தாண்டவைக்கும் கோப்பு குருட்டாம்போக்கில் அமைவது அரிது. ஆகவே ஃபஸ்ஸிங் ஓடுகிறது என்பதை மட்டும் நம்பி டிகோடரை முக்கிய புராசஸுக்குள்ளேயே ஓடவிடாதீர்கள். நெட்வொர்க்கும் கோப்பு அனுமதியும் இல்லாத தனி புராசஸில் ஓடட்டும்.