வாட்ச் தரப் பரிசோதனை: ஒரே ரீடிங்கை நம்பிச் செய்யும் தவறுகள்

ஐந்தாறு பேர் மட்டும் வேலை பார்த்த ஒரு சின்ன அசெம்பிளி யூனிட்டில், தரப் பரிசோதனை மேசையில் சில வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் வெளிநாட்டிலிருந்து வரும். டயல், முள், கேஸ் பொருத்தி, சரிபார்த்து அனுப்புவது எங்கள் வேலை. வாட்ச்சுக்குள் ஓடும் மூவ்மென்ட்டைத் தொழிலில் இருப்பவர்கள் மெஷின் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

முதல் மாதத்திலேயே அடி விழுந்தது. நாற்பது வாட்ச் அடுக்கிய ஒரு தட்டு. காலையில் எல்லாவற்றுக்கும் முழுச் சாவி கொடுத்தேன். டயல் மேலே பார்க்க, ஒவ்வொன்றாக, ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் என்ற கருவியின் பிடியில் வைத்தேன். நாளுக்கு +2, +4, +5 விநாடி (+ என்றால் முன்னால் ஓடுகிறது, − என்றால் பின்தங்குகிறது). திரையில் கோடுகள் நேராக ஓடின. மகிழ்ச்சியோடு பாஸ் போட்டு அனுப்பினேன். மூன்று வாரத்தில் ஒன்பது வாட்ச் திரும்பி வந்தன. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே புகார்: மேசையில் வைத்தால் சரியாக ஓடுகிறது, கையில் கட்டினால் லேட்டாகிறது.

வாட்ச்சில் குறை இருந்தது உண்மை. அதைவிடப் பெரிய குறை நான் பார்த்த விதத்தில் இருந்தது.

டயல் மேலே பார்த்துப் படுத்திருக்கும்போது, அங்குமிங்கும் சுழன்று நேரத்தைப் பிரிக்கும் பேலன்ஸ் வீலின் அச்சு நட்டுக்க நிற்கிறது. அதன் கூர்முனை மட்டும் அதைத் தாங்கும் கல்லைத் தொடுகிறது, உராய்வு மிகக் குறைவு. வாட்ச்சைச் செங்குத்தாக நிறுத்தினால் அதே அச்சு படுத்துக்கொள்கிறது. இப்போது முனைக்குப் பதிலாக அச்சின் பக்கவாட்டு உரசுகிறது. பேலன்ஸ் வீல் எவ்வளவு தூரம் சுழன்று திரும்புகிறது என்ற அளவு, அதாவது ஆம்ப்ளிட்யூட், சட்டென்று 20, 30 டிகிரி இறங்கிவிடும். பேலன்ஸ் வீலின் ஒரு பக்கம் இம்மியளவு கனமாக இருந்தாலும் அந்தக் குறை செங்குத்து நிலையில்தான் வெளியே வரும். நான் பார்த்தது வாட்ச்சுக்கு மிகச் சுகமான நிலை, மிகச் சுகமான நேரம். முழுச் சாவி கொடுத்த கையோடு எந்த மெஷினும் நன்றாகத்தான் ஓடும். இருபது மணி நேரம் கழித்து, சாவி கொடுத்த மெயின்ஸ்பிரிங் தளர்ந்த பிறகு எப்படி ஓடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் 1973-இல் தொடங்கிய சி.ஓ.எஸ்.சி. என்ற அமைப்பு, ஐ.எஸ்.ஓ. 3159 விதிப்படி மெஷின்களைச் சோதித்து, துல்லியமாக ஓடுபவற்றுக்கு குரோனோமீட்டர் என்ற சான்று தருகிறது. 15 நாள் சோதனை. சாவி கொடுக்கும் குமிழ் இடப்பக்கம், மேலே, கீழே, பிறகு டயல் கீழே, டயல் மேலே என்று ஐந்து நிலைகள். 8, 23, 38 டிகிரி என்று மூன்று வெப்பநிலைகள். வெளியே எல்லாரும் பேசுவது ஒரே எண்ணைத்தான்: சராசரி நாளுக்கு −4 முதல் +6 விநாடிக்குள் இருக்க வேண்டும். ஆனால் அந்த விதியில் மொத்தம் ஏழு அளவுகோல்கள் இருக்கின்றன. சராசரி அதில் ஒன்றுதான். மற்ற ஆறும் வாட்ச் எவ்வளவு மாறாமல் ஓடுகிறது என்பதைப் பற்றியவை. ஒரே நிலையில் இன்றைக்கும் நாளைக்கும் உள்ள வித்தியாசம், படுத்த நிலைக்கும் நின்ற நிலைக்கும் உள்ள வித்தியாசம், வெப்பம் ஒரு டிகிரி மாறினால் வரும் வித்தியாசம், கடைசி நாளில் பழைய ஓட்டத்துக்குத் திரும்புகிறதா என்பது, இப்படி. ஏழில் ஒன்று தவறினாலும் சான்று கிடையாது.

இது எனக்குப் புரிய நாளானது. புரிந்த பிறகு புதிதாக வருபவர்களுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுவேன். ஒரு வாட்ச் ஐந்து நிலைகளில் +2, +1, 0, +2, 0 காட்டுகிறது. இன்னொன்று +14, +12, −10, −8, −3 காட்டுகிறது. இரண்டுக்கும் சராசரி +1 தான்! சராசரியை மட்டும் பதிவேட்டில் எழுதினால் இரண்டும் ஒரே தரம். ஐ.எஸ்.ஓ. விதியிலோ எந்த நிலையின் ரீடிங்கும் சராசரியிலிருந்து 10 விநாடிக்கு மேல் விலகக்கூடாது. இரண்டாவது வாட்ச் அங்கேயே விழுந்துவிடும். அதைக் கட்டுபவர் மேசை வேலை பார்ப்பவரா, வண்டி ஓட்டுபவரா என்பதைப் பொறுத்து அது தினம் ஒரு நேரம் காட்டும். இன்னொரு விஷயம், தினமும் தவறாமல் +5 ஓடும் வாட்ச்சை ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைக் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்துவிடலாம். ஒரு நாள் +9, மறுநாள் −7 என்று ஓடுவதை ரெகுலேட்டரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே பதிவேட்டில் ஒவ்வொரு நிலைக்கும் தனிக் கட்டம் போடுங்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இன்னொரு கட்டம். சாவி கொடுத்தவுடன் ஒரு ரீடிங், 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. சுவிஸ் அளவியல் நிறுவனமான மெட்டாஸ் 2015-இலிருந்து தரும் மாஸ்டர் குரோனோமீட்டர் சான்றில், சாவி முழுதாக இருக்கும்போதும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போதும் ஓட்டம் எவ்வளவு மாறுகிறது என்று தனியாகவே பார்க்கிறார்கள். ஜப்பானில் கிராண்ட் செய்கோவின் சோதனை 17 நாள், ஆறு நிலைகள்.

கருவி சொல்வதை அப்படியே நம்புவது

டைம்கிராஃபர் நேரத்தைப் பார்ப்பதில்லை, டிக் டிக் சத்தத்தைக் கேட்கிறது. ஆம்ப்ளிட்யூடை அது நேராக அளப்பதும் இல்லை. ஒரு டிக்குக்குள் வரும் சின்னச் சின்னச் சத்தங்களுக்கு இடையிலான நேரத்தை எடுத்து, நாம் கொடுத்த லிஃப்ட் ஆங்கிளை (ஒரு டிக்கின்போது பேலன்ஸ் வீல் திரும்பும் கோணம், மெஷினுக்கு மெஷின் மாறும்) வைத்துக் கணக்குப் போடுகிறது. பெரும்பாலான கருவிகளைப் போட்டவுடன் அந்த எண் 52 என்று இருக்கும், பலரும் அதைத் தொடுவதே இல்லை. ஈட்டா 2824 என்ற மெஷினுக்கு அது 50, என்.எச். 35 மெஷினுக்கு 53. இங்கே பெரிய பாதகம் வராது. ஆனால் பாக்கெட் வாட்ச் காலத்து அமைப்பில் வரும் ஈட்டா 6497-க்கு 44. அதை 52-இல் வைத்து அளந்தால், உண்மையில் 240 டிகிரி சுழலும் மெஷின் 284 காட்டும். எண்ணெய் காய்ந்து திணறும் மெஷின், நல்ல ஆரோக்கியத்தில் இருப்பதாகச் சான்று வாங்கிவிடும்.

எத்தனை நேரத்துச் சராசரியைக் கருவி காட்டுகிறது என்பதும் முக்கியம். நாலு விநாடி பார்த்துவிட்டு எண்ணை எழுதக் கூடாது. நிலையை மாற்றியபின் குறைந்தது அரை நிமிஷம் விட்டுவிட்டு அளக்கத் தொடங்குங்கள். தேதி உள்ள வாட்ச்சாக இருந்தால், முள் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் நடுவே இருக்கும்போது அளக்காதீர்கள். அந்த நேரத்தில் மெஷின் தேதிச் சக்கரத்தையும் சேர்த்துத் தள்ளுகிறது, ஆம்ப்ளிட்யூட் இறங்கித்தான் காட்டும்.

குவார்ட்ஸ் வாட்ச்சில் இதே தவறு வேறு வேஷத்தில் வரும். உள்ளே இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர வேண்டும். இப்போதைய மெஷின்கள் பலவற்றில் படிகத்தை வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக வெட்டியிருப்பார்கள். 10 விநாடிக்கோ 60 விநாடிக்கோ ஒருமுறை சிப் சில துடிப்புகளை விட்டுவிட்டு எண்ணி, அந்த வேகத்தைச் சரிக்கட்டும். அந்தச் சுற்று முடியும் முன் அளந்தால், நல்ல மெஷின்கூட வேகமாக ஓடுவதாகக் காட்டும். ஒரு நிமிஷம் முழுதாக அளந்தால்தான் உண்மை தெரியும். அறை வெப்பத்தையும் பாருங்கள். இந்தப் படிகம் 25 டிகிரியை ஒட்டித்தான் சரியாக அதிரும், சூடானாலும் குளிர்ந்தாலும் மந்தமாகும். 35 டிகிரியில் மாதத்துக்குச் சுமார் 9 விநாடி பின்தங்கும். சாதாரண குவார்ட்ஸுக்கு மாதம் ±15, ±20 விநாடிதான் அனுமதி. ஏ.சி. இல்லாத அறையில் மே மாத மதியத்தில் அளந்தால், பாதி அனுமதியை அறையே சாப்பிட்டுவிடும். ஓசூரில் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் குவார்ட்ஸை நம்பித்தான் களத்தில் இறங்கியது. குவார்ட்ஸ்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் நம் ஊரில் இன்றும் அதிகம். அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும்.

காந்தம் ஏறியதைத் தெரியாமல் ரெகுலேட்டரைத் தொடுவது

திடீரென்று நாளுக்கு ஒன்றிரண்டு நிமிஷம் முன்னால் ஓடும் வாட்ச் வந்தால், முதலில் ரெகுலேட்டர் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். பேலன்ஸ் வீலோடு சேர்ந்த மெல்லிய சுருள் கம்பியான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் குறைந்து, பேலன்ஸ் வேகமாக அடிக்கும். காந்தம் இருக்கும்போதே ரெகுலேட்டரை நகர்த்தி 0-க்குக் கொண்டுவந்தால், காந்தம் நீங்கிய அன்று அதே வாட்ச் படுமந்தமாக ஓடும். ஒரு சின்னத் திசைகாட்டியை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஊசி ஆடுகிறதா? அப்படியென்றால் காந்தத்தை நீக்கிவிட்டு அப்புறம் அளங்கள். ட்வீசரையும் ஸ்க்ரூ டிரைவரையும் அதே ஊசியிடம் காட்டிப் பாருங்கள், பல நேரம் திருடன் அங்கேதான் இருப்பான்.

ஆன்டிமேக்னடிக், அதாவது காந்தத்தைத் தாங்கும், என்று எழுதியிருப்பதை நம்பி இருந்துவிட முடியாது. அதற்கான விதியான ஐ.எஸ்.ஓ. 764 தாங்கச் சொல்லும் காந்தப்புலம் மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 60 காஸ். கைப்பையின் காந்தப் பூட்டும் ஸ்பீக்கரும் ஒட்டி வைத்தால் அதைச் சுலபமாகத் தாண்டும். மெட்டாஸ் சோதனையில் 15,000 காஸ் என்று வைத்திருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

மெஷினைப் பார்த்துவிட்டு வாட்ச்சைப் பார்க்காமல் விடுவது

சி.ஓ.எஸ்.சி. காலம் காலமாகச் சோதித்து வந்தது கேஸில் போடாத மெஷினை. சான்று வாங்கிய அதே மெஷின், டயலும் முள்ளும் ஏறி, கேஸுக்குள் இறுக்கப்பட்ட பிறகு வேறு மாதிரி ஓடலாம். அதனால்தான் ரோலெக்ஸ், கேஸில் போட்ட பிறகு நாளுக்கு −2 முதல் +2 என்று தன் சொந்த அளவை வைத்திருக்கிறது.

எங்கள் மேசையில் அதிகம் பிடிபட்டது முள். மூன்று முள்ளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு காகிதத்தின் அளவுதான். 12 மணிக்கு வைத்து, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும்போது பக்கவாட்டில் ஐ-கிளாஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்பார்கள். போதாது. 12 மணி நேரத்தில் மணி முள்ளும் நிமிஷ முள்ளும் 11 முறை சந்திக்கின்றன. டயல் துளி சாய்ந்திருந்தால் 12-இல் தப்பிக்கும் முள் 5.27-இல் உரசும். ஒருமுறை ஒரு வாட்ச் தினமும் சாயங்காலம் நிற்கிறது என்று வந்தது. குமிழை மெதுவாகத் திருப்பிக்கொண்டே பார்த்தேன். மணி முள்ளின் மேல்பக்கம், நுனிக்குச் சற்று முன்னால், மயிரிழை போல ஒரு கீறல். முழுச் சுற்றும் திருப்பிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

தண்ணீர் சோதனையில் செய்யும் தவறு வாட்ச்சையே கொன்றுவிடும். கசிவு இருக்கிறதா என்று தெரியாமலே தண்ணீருக்குள் அமுக்கினால், கசிவு இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். முதலில் காற்றழுத்தச் சோதனை: அழுத்தத்தில் கேஸ் எவ்வளவு நெளிகிறது, அந்த நெளிவு அப்படியே நிற்கிறதா என்று கருவி பார்க்கும். அதில் தேறியதைத்தான் நனைக்க வேண்டும். அப்புறம் ஒரு சூடான தகட்டில் 40 முதல் 45 டிகிரி வரை வாட்ச்சைச் சூடாக்கி, கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். ஒரு நிமிஷம் கழித்துத் துடைத்தால் கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்திருக்கிறதா என்று தெரியும். படர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சோதனையெல்லாம் முடிந்து ஏதோ தூசு தெரிகிறது என்று பின்மூடியைத் திறந்தீர்களானால், செய்த சோதனை செல்லாது. ரப்பர் வளையத்தைப் பார்த்து, மூடி, மறுபடி முதலிலிருந்து. இதில் சலுகையே கூடாது.

30 மீட்டர் என்று எழுதியிருப்பது சோதனைச் சாலையின் அழுத்தம். அதைக் கட்டிக்கொண்டு 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தம் இல்லை. சாதாரண வாட்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 22810 சாம்பிள் எடுத்துச் சோதிக்க இடம் தருகிறது. முக்குளிப்பவர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425, ஒவ்வொரு வாட்ச்சையும் எழுதிய ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது.

சாம்பிள் என்றதும் ஒன்று. 500 வாட்ச் கொண்ட ஒரு லாட்டுக்கு, ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணையின் வழக்கமான நிலையில் 50 எடுக்க வேண்டும். ஏ.க்யூ.எல்., அதாவது ஏற்கத்தக்க குறை அளவு, 1.0 என்றால் ஒரு குறை வரை லாட் பாஸ், இரண்டு வந்தால் லாட்டே திரும்பும். அட்டவணையைச் சரியாகப் பார்ப்பார்கள், 50-ஐயும் மேல் தட்டிலிருந்தே எடுப்பார்கள். மேல் தட்டு காலையில் முடித்தது, கண்ணும் கையும் தெளிவாக இருந்த நேரம். எல்லாத் தட்டிலிருந்தும் எடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு முடித்த தட்டை விட்டுவிடாதீர்கள்.

வாங்கிக் கட்டுபவர்களும் இதே ஒரே ரீடிங் தவறைத்தான் செய்கிறார்கள். முதல் நாள் 8 விநாடி முன்னால் ஓடியது என்று கடைக்கு ஓடுவார்கள். ஒரு வாரம் பொறுங்கள். தினமும் ஒரே நேரத்தில், சாவி வாட்ச்சாக இருந்தால் சாவி கொடுக்கும் முன், போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். இரவில் எப்படி வைத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: டயல் மேலே, டயல் கீழே, குமிழ் மேலே, குமிழ் கீழே. நாலாவது நாளிலேயே எந்த நிலையில் முன்னால் ஓடுகிறது, எதில் பின்தங்குகிறது என்று தெரிய ஆரம்பிக்கும். பகலில் முன்னால் ஓடுவதை இரவில் பின்தங்கும் நிலையில் வைத்தாலே பல வாட்ச்சுகள் சமமாகிவிடும். சமமாகாவிட்டால் அந்தத் தாளோடு மெக்கானிக்கிடம் போங்கள். எந்த நிலையில் முதலில் அளக்க வேண்டும் என்று அவருக்கு அது சொல்லிவிடும்.