பயமில்லாமல் அழிக்க முடிகிற சிஎஸ்எஸ்

சில வருடங்களுக்கு முன் ஒரு துணிக்கடையின் ஆன்லைன் விற்பனைத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. பக்கத்தின் நிறம், அளவு, இடம் என்று தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில், மொத்தத் தளத்துக்கும் ஒரே ஸ்டைல் ஃபைல், 9000 வரிக்கு மேல். பொங்கல் தள்ளுபடி முடிந்துவிட்டது, பேனரை எடுத்துவிடுங்கள் என்றார்கள். பேனரை எடுத்தேன், ‘பொங்கல்-ஆஃபர்’ என்ற கிளாஸ் (பக்கத்தில் உள்ள ஒன்றுக்கு ஸ்டைல் கொடுக்க வைக்கும் பெயர்) வேறு எங்காவது இருக்கிறதா என்று ப்ராஜெக்ட் முழுக்கத் தேடினேன், சிஎஸ்எஸ்ஸைத் தவிர எங்கும் இல்லை, சரி என்று அதற்கான 40 வரிகளையும் அழித்துவிட்டு ஏற்றினேன். மறுநாள் காலையில் போன்: பணம் கட்டும் பக்கத்தில் பட்டனைக் காணோம். பட்டன் அங்கேதான் இருந்தது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக. பண்டிகைக்கு ஏற்றபடி பட்டனின் நிறம் மாறட்டும் என்று யாரோ ஒருவர், பக்கத்தை இயக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில், பண்டிகையின் பெயரை ஒரு மாறியில் (ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்) வைத்து, அதோடு ‘-ஆஃபர்’ என்பதை ஒட்டி, பக்கம் ஓடும்போது கிளாஸ் பெயரை உருவாக்கியிருந்தார். முழுப் பெயராக அது அங்கே எழுதப்படவே இல்லை, அதனால்தான் தேடலில் சிக்கவில்லை.

ஃப்ரன்ட்-எண்ட் கோட், அதாவது பிரவுசரில் ஓடும் கோட், ஒழுங்காக இருக்கிறதா என்று அன்றிலிருந்து இரண்டே கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன். திரையில் தெரியும் ஒன்றுக்கான வரிகளை ஒரே தேடலில் கண்டுபிடிக்க முடிகிறதா? அவற்றை அழித்தால் வேறு எதுவும் உடையாது என்று நம்ப முடிகிறதா? இரண்டாவதுக்கு ‘இல்லை’ என்று பதில் வரும் ப்ராஜெக்டில் யாரும் எதையும் அழிக்கமாட்டார்கள், எல்லாரும் ஃபைலின் அடியில் போய் நாலு வரி சேர்த்துவிட்டு வருவார்கள், ஃபைல் வீங்கிக்கொண்டே போகும். ஜாவாஸ்கிரிப்டில் தப்பு நடந்தால் பெரும்பாலும் பிரவுசரின் கன்சோலில் (பிழைச் செய்திகள் வரும் இடம்) சிவப்பாக ஏதாவது வரும். சிஎஸ்எஸ் வாயே திறக்காது, அதனால் முதலில் கெட்டுப்போவதும் அதுதான். அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

முதல் நாளே எதையும் மாற்றாதீர்கள். முக்கியமான பக்கங்களை 360, 768, 1280 பிக்சல் அகலங்களில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளேரைட் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி இருந்தால் அதுவே படம் எடுத்து, அடுத்த முறை ஓடும்போது ஒப்பிட்டு, மாறிய இடத்தைக் காட்டிவிடும். இல்லையென்றால் கையால் எடுங்கள், அரை நாள் போகும், போகட்டும். பணம் கட்டும் பக்கம், லாகின், தப்பான தகவல் கொடுத்தால் வரும் எச்சரிக்கை, காலியான கூடை, இவை நான்கும் கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் நாம் தினமும் திறந்து பார்க்கும் முகப்புப் பக்கத்தில் எதுவும் கண்ணுக்குத் தப்பாது, இங்கேதான் தப்பும்.

அப்புறம் கோடின் இடைவெளிகளை ஒழுங்காக்கும் ப்ரெட்டியர் கருவியை ஒருமுறை மொத்தக் கோட் மீதும் ஓட்டி, அதை மட்டும் கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைப் பதியும் கருவி) தனி கமிட்டாக, அதாவது தனிப் பதிவாகப் போடுங்கள். இடைவெளி திருத்தமும் உண்மையான மாற்றமும் ஒரே கமிட்டில் கலந்துவிட்டால் புல் ரிக்வெஸ்டைப் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) படிப்பவர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இதனால், எந்த வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் ப்ளேமில் எல்லா வரிக்கும் உங்கள் பெயர் வந்து நிற்குமே என்றால், அதற்கும் வழி இருக்கிறது: கிட் 2.23 பதிப்பிலிருந்து, தவிர்க்கவேண்டிய கமிட்டுகளின் எண்களை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, ப்ளேம் அவற்றைத் தாண்டிப் பார்க்கும்படி சொல்லலாம்.

செத்த கோட் எது என்று எப்படித் தெரியும்

குரோம் பிரவுசரின் டெவ்டூல்ஸில் (தளம் உருவாக்குபவர்களுக்கான கருவிகள்) ‘கவரேஜ்’ என்று ஒரு பகுதி உண்டு, எந்த வரிகள் பயன்படவில்லை என்று அது சிவப்பில் காட்டும். அதை நம்பி அழிக்கக் கூடாது. நீங்கள் அந்த நேரத்தில் திறந்து பார்த்ததை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. மவுஸை மேலே கொண்டுபோனால் மாறும் நிறம், மொபைல் அகலத்துக்கு மட்டும் எழுதிய வரிகள், பிழை வந்தால் மட்டும் தெரியும் பெட்டி, எல்லாமே அதன் கண்ணுக்குப் பயன்படாதவைதான். சந்தேகப்பட்டியல் தயாரிக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதி செய்ய நான் கைக்கொள்ளும் வழி வேறு. சந்தேகமான கிளாஸின் விதிக்குள் (அதற்கான ஸ்டைல் வரிகள்) ஒரு பின்னணிப் படத்தைச் சேர்ப்பேன், 1 பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படம், கிளாஸின் பெயரையே படத்துக்கும் வைத்து. அந்த விதி பக்கத்தில் ஏதாவது ஒன்றின் மேல் உண்மையில் விழுந்து, அது திரையில் வரையப்பட்டால்தான் பிரவுசர் அந்தப் படத்தைக் கேட்டுச் சர்வருக்கு வரும். பெயர் எப்படி ஒட்டி உருவாக்கப்பட்டிருந்தாலும் இதில் சிக்கிவிடும், என்னைப் பட்டன் விஷயத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே வழி இதுதான். சர்வர் லாகில் (வந்த கோரிக்கைகளின் பதிவு) அந்தப் படத்தின் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எவ்வளவு நாள் என்பது தளத்தைப் பொறுத்தது. துணிக்கடை என்றால் ஆடி, தீபாவளி, பொங்கல் என்று ஒரு முழுச் சுற்று வரட்டும். ஒரு எச்சரிக்கை: அதே இடத்தில் இன்னொரு விதி பின்னணிப் படத்தை மாற்றி எழுதியிருந்தால் உங்கள் படம் கேட்கப்படாது, அந்தக் கிளாஸ் உயிரோடு இருந்தும் செத்தது போலத் தெரியும். விதியில் ஏற்கெனவே பின்னணிப் படம் இருந்தால் இந்த முறை வேண்டாம்.

பெயர்

ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தில் உருவான ‘பெம்’ முறை எனக்கு இன்றும் பிடிக்கும். ஒரு பிளாக், அதற்குள் இருக்கும் எலிமெண்ட், அதன் வகையைச் சொல்லும் மாடிஃபையர், அவ்வளவுதான். கார்ட், கார்டின் தலைப்பு, விற்றுத்தீர்ந்த கார்ட் என்று மூன்று பெயர்கள் வந்தால் அவை எங்கே சேர்ந்தவை என்பதைப் புதிதாக வந்தவரும் ஊகித்துவிடுவார். பெயர் நீளமாகிறது என்று குறைப்படுவார்கள். நீளமாகட்டும், அந்த நீளத்தால்தான் தேடினால் கிடைக்கிறது.

தேடல் என்றதும், சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் சாஸ் மொழியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. வெளி விதியின் பெயரைக் குறிக்கும் ‘அண்ட்’ (&) குறிக்குப் பின்னால் மீதிப் பெயரை ஒட்டி எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எழுதும்போது சுகமாக இருக்கும், ஆனால் ‘கார்ட்__தலைப்பு’ என்று யாராவது தேடினால் அந்த ஃபைல் வராது, என் பட்டன் கதைதான் மறுபடியும். 2023-இல் முக்கிய பிரவுசர்களுக்கெல்லாம் வந்து சேர்ந்த சிஎஸ்எஸ்ஸின் சொந்த நெஸ்டிங்கில் (ஒரு விதிக்குள் இன்னொன்றை எழுதுவது) இப்படி ஒட்டவே முடியாது, எனக்கு அதில் சந்தோஷம்தான். ஜாவாஸ்கிரிப்டிலும் இதே விதி: கிளாஸ் பெயரைத் துண்டு துண்டாக ஒட்டாமல், எந்த நிலைக்கு எந்தக் கிளாஸ் என்று முழுப் பெயர்களோடு ஒரு சின்ன அட்டவணையாக எழுதி அதிலிருந்து எடுங்கள்.

இன்னொன்று, நிறத்தையும் பண்டிகையையும் பெயராக வைக்காதீர்கள். ‘சிவப்பு-பட்டன்’ அடுத்த வருடம் பச்சையாகும். அந்தப் பட்டன் என்ன வேலை செய்கிறதோ அதைச் சொல்லுங்கள்: முக்கியப் பட்டன், ஆபத்துப் பட்டன்.

யார் ஜெயிப்பது என்ற சண்டை

பழைய ப்ராஜெக்டில் நேரத்தைத் தின்பது இதுதான். நீங்கள் ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள், நிறம் மாறவில்லை, ஏனென்றால் எங்கோ ஒருவர் ஐடியை (ஒரே ஒரு உறுப்புக்கான தனிப் பெயர்) வைத்து எழுதியிருக்கிறார். ஒரு ஐடியை எத்தனை கிளாஸ் சேர்ந்தாலும் ஜெயிக்க முடியாது. உடனே, இந்த வரிதான் ஜெயிக்க வேண்டும் என்று சொல்லும் ‘இம்பார்ட்டன்ட்’ போடுகிறீர்கள், அடுத்தவர் அதைத் தாண்ட இன்னொரு ‘இம்பார்ட்டன்ட்’ போடுகிறார், இரண்டு வருடத்தில் அந்தச் சொல் ஃபைல் முழுக்க இறைந்து கிடக்கும்.

2022-இன் தொடக்கத்தில் குரோம் 99, ஃபயர்ஃபாக்ஸ் 97, சஃபாரி 15.4 ஆகியவற்றோடு வந்த கேஸ்கேட் லேயர்ஸ் (ஸ்டைல் விதிகளை அடுக்குகளாகப் பிரிக்கும் வசதி) இதற்காகவே செய்யப்பட்டது, பழைய கோடோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இதைவிட நல்லது வேறு எதுவும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்டைலின் முதல் வரியிலேயே லேயர்களின் வரிசையைச் சொல்லிவிடுகிறீர்கள்: பழையது, அடிப்படை, அமைப்பு, காம்போனன்ட் (பட்டன், கார்ட் போன்ற தனிப் பகுதி), பண்டிகை. பின்னால் வரும் லேயர் முன்னால் இருப்பதை ஜெயிக்கும், முன்னால் இருப்பதில் எத்தனை ஐடி இருந்தாலும் சரி. அந்த 9000 வரி ஃபைலை ஒரு வரியைக்கூடத் தொடாமல், இம்போர்ட் செய்யும் இடத்தில் ‘பழையது’ என்ற லேயருக்குள் போகச் சொன்னால் போதும், அன்றிலிருந்து நீங்கள் எழுதும் புதிய காம்போனன்ட் சாதாரண ஒற்றைக் கிளாஸோடு ஜெயிக்கும்.

இரண்டு இடத்தில் கவனம். லேயருக்குள் போடாமல் வெளியே விட்ட விதிகள் எல்லா லேயரையும் ஜெயித்துவிடும், அதனால் வெளியில் இருந்து எடுத்த ஸ்லைடர், தேதித் தேர்வு போன்றவற்றின் ஸ்டைலையும் ஏதாவது ஒரு லேயருக்குள் தள்ளிவிடுங்கள். இரண்டாவது இன்னும் முக்கியம்: ‘இம்பார்ட்டன்ட்’ போட்ட வரிகளுக்கு இந்த வரிசை தலைகீழ். முதல் லேயரில் இருக்கும் ‘இம்பார்ட்டன்ட்’ கடைசி லேயரில் இருப்பதையும் ஜெயிக்கும். அதாவது ‘பழையது’ லேயரில் அந்த முத்திரை மிச்சம் இருந்தால் உங்கள் புதிய கோட் எதனாலும் அதைத் தாண்ட முடியாது. எனவே ஒரு காம்போனன்ட்டைப் புதிதாக எழுதும்போதே அதற்கான பழைய ‘இம்பார்ட்டன்ட்’ வரிகளைத் தேடி எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் எடுக்கப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு காம்போனன்ட்டாக எடுங்கள்.

எது எதற்கு மேலே தெரிய வேண்டும் என்று எண்ணால் சொல்லும் இசட்-இண்டெக்ஸும் இதே ரகச் சண்டைதான். 9999 போட்டும் மெனு மேலே வரவில்லையா, எண்ணைக் கூட்டாதீர்கள், அதன் தாய் உறுப்புகளில் எதற்காவது டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்தல், சுழற்றல்) இருக்கிறதா, ஒபாசிட்டி (ஒளிபுகாத்தன்மை) 1-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே இருப்பது எவ்வளவு பெரிய எண்ணோடு வந்தாலும் அந்தப் பெட்டிக்கு வெளியே போட்டி போட முடியாது. மெனு, பாப்-அப், அறிவிப்பு இவற்றுக்கான எண்களை ஒரே இடத்தில் மாறிகளாக எழுதி வைத்தால் பாதிச் சண்டை தீரும்.

மற்றவை

ஃபோல்டர் விஷயத்தில் நீண்ட விவாதமெல்லாம் வேண்டாம். ஒரு காம்போனன்ட்டின் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், டெஸ்ட் மூன்றும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும், அழிக்க வேண்டிய நாளில் ஒரே இடத்தில் அழிக்கலாம். நிறங்களுக்கு மாறி வைக்கும்போது இரண்டு அடுக்கு வையுங்கள்: பச்சை-600 என்று சாயலின் பெயராக ஒன்று, முக்கியப் பட்டனின் பின்னணி என்று இன்னொன்று, காம்போனன்ட் இரண்டாவதை மட்டும் தொடட்டும்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓடும் தளம் என்றால் உயரத்தைப் பிக்சலில் கட்டிப்போடாதீர்கள். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாக நிற்கும் பட்டன் தமிழில் ‘கூடையில் சேர்க்கவும்’ என்று இரண்டு வரியாகும். வரி உயரம் 1 என்று வைத்து ஓவர்ஃப்ளோவையும் (பெட்டிக்கு வெளியே வழிவது) மறைத்தால் ‘கி’யின் மேல் வளைவும் ‘கூ’வின் சுழியும் வெட்டுப்படலாம். குறைந்தபட்ச உயரமும் பேடிங்கும் (உள் இடைவெளி) கொடுங்கள், வரி உயரத்தை மொழியைப் பார்த்து மாறும் ஒரே மாறியாக வையுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு நினைவில் வைத்துக்கொள்வோம் என்று விட்டால் நடக்காது. சிஎஸ்எஸ்ஸைச் சோதிக்கும் ஸ்டைல்லின்ட் கருவியில் ஐடி செலக்டருக்கும் ‘இம்பார்ட்டன்ட்’டுக்கும் தடை போட விதிகள் இருக்கின்றன, பழைய ஃபைலை மட்டும் விலக்கி வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் அவற்றைக் கட்டாயமாக்குங்கள். பேக்கேஜ்களுக்கு (பிறர் எழுதித் தரும் கோட்) லாக் ஃபைலைக் (சரியான பதிப்புகளின் பட்டியல்) கிட்டில் வையுங்கள், சர்வரில் அந்தப் பட்டியலின்படியே நிறுவும் ‘என்பிஎம் சிஐ’ கட்டளையை ஓட்டுங்கள். 2016 மார்ச்சில் ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரிப் பேக்கேஜ் என்பிஎம் என்ற பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டபோது அதை மறைமுகமாக நம்பியிருந்த ஏராளமான ப்ராஜெக்டுகளின் பில்ட் (கோடை ஓடக்கூடிய வடிவில் தயாரிக்கும் வேலை) நின்றுபோனது. 11 வரி வேலைக்கு ஒரு பேக்கேஜைச் சேர்க்கும் முன் அதை நீங்களே எழுத முடியுமா என்று பாருங்கள்.

பண்டிகைக்கு அந்தத் தளத்தில் நான் செய்த ஏற்பாடு இது. ஒவ்வொரு பண்டிகைக்கும் தனி ஃபோல்டர், ஸ்டைல் எல்லாம் கடைசி லேயரில், ஃபைலின் முதல் வரியில் எப்போது எடுக்க வேண்டும் என்ற தேதியும் எதற்காகச் சேர்த்தோம் என்ற காரணமும். வேறு எந்தக் காம்போனன்ட்டும் அந்தக் கிளாஸ்களைப் பயன்படுத்தக் கூடாது. பட்டன் நிறம் மாற வேண்டுமென்றால் மாறியின் மதிப்பை மட்டும் அந்த ஃபைல் மாற்றலாம். முதல் தீபாவளி முடிந்த மறுநாள் ஃபோல்டரையும் அதை இழுத்துவரும் ஒற்றை வரியையும் அழித்துவிட்டு, ஏற்றியதும் நேராகப் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்தேன். பட்டன் பழைய பச்சையில் இருந்தது.