ஃப்ரீசரில் வைத்த வீட்டு பீன்ஸ்: என் அனுபவம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பீன்ஸ் காய்க்கத் தொடங்கினால், கூடை கூடையாக வந்து குவிந்துவிடும். முதல் ஆண்டு அவற்றை நறுக்கி, பச்சையாகவே பைகளில் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பொரியல் செய்தபோது காய் நாரும் சவசவப்புமாக இருந்ததோடு, காய்ந்த புல்லின் வாடையும் அடித்தது.

காயிலுள்ள நொதிகள் குளிரில் மந்தமாகுமே தவிர முற்றிலும் நின்றுவிடுவதில்லை என்பதும், அவையே நிறத்தையும் மணத்தையும் கெடுக்கின்றன என்பதும் பிறகுதான் புரிந்தது. அதனால் இப்போது, விதை புடைக்காத, ஒடித்தால் 'டக்'கென்று முறியும் பிஞ்சுகளைப் பறித்த அன்றே நறுக்கி, கொதித்துப் புரளும் நீரில் சரியாக 3 நிமிடம் போட்டு, உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றி, அதே அளவு நேரம் ஆறவிடுகிறேன். காயைப் போட்டு ஒரு நிமிடத்துக்குள் நீர் மறுபடி கொதிக்காவிட்டால், அள்ளிப்போட்டது அதிகம் என்று பொருள்.

பருத்தித் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றியெடுப்பதில் நான் சற்றும் அவசரப்படுவதில்லை. தங்கும் ஈரமே பனியாகி, துண்டுகளை ஒரே கட்டியாக ஒட்டவைக்கிறது. தட்டில் ஒற்றை அடுக்காக உறைந்தபின், காற்றை வெளியேற்றிப் பைகளில் அடைத்து மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறேன்.

சமைக்கும்போது உருகவிடக் கூடாது. கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்த அகன்ற இரும்பு வாணலியில் பனியோடே கொட்டி, மூடாமல் நல்ல தீயில் நீர் சுண்டும்வரை வதக்கி, கடைசியில்தான் உப்பும் தேங்காய்த் துருவலும் சேர்க்கிறேன். மூடி வைத்தால், ஏற்கெனவே பாதி வெந்த காய் குழைந்துவிடும்.