ஊறல் தண்ணீர்த் தொட்டியில் மில்காரர்கள் செய்யும் தவறுகள்

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் டெல்டாவின் புழுங்கலரிசி மில்கள் இரவு பகலாக ஓடும். நெல் ஊறிய தண்ணீர் ஒரே நாளில் புளித்து நாறும். நல்ல நுண்ணுயிர்களை விட்டு, காற்றடித்து அதைச் சுத்தம் செய்யலாம். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் செய்து காட்டிய வழிதான். ஆனால் பலர் அதைப் பூச்சிமருந்து போல நினைத்து, நுண்ணுயிர்ப் பவுடர் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். மாடு கட்டியவர் தீனியும் கொட்டகையும் பார்ப்பது போல இதையும் தினம் பார்க்கவேண்டும்.

கும்பகோணம் பக்கம் ஒரு மில்லில், "மூணு தடவை பவுடர் போட்டாச்சு சார், நாத்தம் போகல" என்றார்கள். தொட்டிக்குள் வரும் குழாயைத் தொட்டேன். கை வைக்க முடியவில்லை. 60, 70 டிகிரிச் சூட்டில் ஊறல் தண்ணீரை அப்படியே திறந்துவிட்டிருந்தார்கள். இந்த நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 35 டிகிரி தோது. 40-ஐத் தாண்டினால் துவண்டுவிடும். தண்ணீரைத் தனித் தொட்டியில் தேக்கி ஆறவிடுங்கள். புளிப்பு இருந்தால் சுண்ணாம்பு கலந்து, புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு 6.5-க்கு மேல் வந்த பிறகு, நாள் முழுக்கச் சீராக விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால், ஆறிய தண்ணீரைக்கூட நுண்ணுயிர்கள் தாங்காது.

கரண்டு பில்லுக்காக ராத்திரியில் காற்றடிக்கும் ஏரேட்டரை நிறுத்துவது அடுத்த தவறு. தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜனாவது கரைந்திருக்கவேண்டும். ஒரு லிட்டர் அளவு ஜாடியில் தொட்டித் தண்ணீரை எடுத்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். நுண்ணுயிர்கள் திரண்ட பழுப்பு நிறச் சேறு கீழே படிந்து மேலே தெளிந்தால் நல்லது. கறுத்து, அழுகின முட்டை வாடை அடித்தால் காற்று போதவில்லை.

தரை கழுவிய பிளீச்சிங் பவுடர் தண்ணீரை இதே தொட்டிக்கு விடாதீர்கள். குளோரின் நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்காது. நுண்ணுயிர்களுக்குத் தீனி என்று யூரியாவையும் கைக்கணக்கில் அள்ளிப் போடவேண்டாம். பிஓடி (தண்ணீரின் அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) 100 பங்குக்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்பது கணக்கு. தண்ணீரைப் பரிசோதித்து, குறைவதை மட்டும் சேருங்கள்.

எனக்கு மிகவும் வேதனை தருவது, ரிப்போர்ட்டில் பிஓடி குறைய போர் தண்ணீரைக் கலப்பது. வாய்க்காலில் விட லிட்டருக்கு 30 மில்லிகிராம், நிலத்துக்குப் பாய்ச்ச 100 என்பது வரம்பு. கலந்தால் எண் குறையும். வாய்க்காலுக்குப் போகும் அழுக்கு அப்படியேதான் இருக்கும். அது போய்ச் சேருவது கடைமடை வயலுக்கு.

சீசன் முடிந்ததும் தொட்டியைக் கழுவிக் காலி செய்வது விதைநெல்லைக் குத்தித் தின்பது மாதிரி. கொஞ்சம் சேற்றை வைத்து, தினம் சிலமணி நேரம் காற்றும் கொஞ்சம் கஞ்சித்தண்ணீரும் கொடுத்து வாருங்கள். அதுவும் தவறிவிட்டதா? நன்றாக ஓடும் பக்கத்து மில் தொட்டியிலிருந்து ஒரு டேங்கர் சேறு கேட்டு வாங்குங்கள். அந்தத் தண்ணீருக்குப் பழகிய உயிர்கள், பாக்கெட்டில் வருவதைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.