வாலை மட்டும் படமெடுப்பவர்கள்

குளிர்கால விடியலில் சென்னைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் குறுக்கே போகும் ரேடியல் சாலையில், நீளமான லென்ஸோடு யாராவது நின்றிருப்பார்கள். கொக்கு எழும், ஷட்டர் தடதடக்கும். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் வரிசையாக வால்கள். என் பழைய ஹார்டு டிஸ்கும் அப்படி நிறைந்ததுதான்.

இதில் கேமராவின் தப்பு ஒன்றுமில்லை, காற்றைப் பார்க்காததுதான் தப்பு. நாரை, கொக்கு, பூநாரை எல்லாம் பெரும்பாலும் எதிர்காற்றில்தான் எழும், எதிர்காற்றில்தான் இறங்கும். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசுகிறது. காலை வெயிலும் கிழக்கே. எனவே நீரின் கிழக்குக் கரையில், வெயிலை முதுகில் வாங்கி நின்றால் பறவை உங்களை நோக்கியே எழும். மாலையில் வெயில் மேற்கே போய்விடுவதால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். வேடந்தாங்கலில் அந்தியில் கூடு திரும்பும் கூட்டத்தை எடுக்கிறவர்கள், பறவை பக்கவாட்டில் கடக்கும்படி தெற்கே ஒதுங்கி நிற்பது நல்லது.

அடுத்தது வெள்ளைக் கொக்கு. இருண்ட கோரைக்கு முன்னால் அது பறக்கையில், கேமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகின் வரியெல்லாம் அழிந்து சுண்ணாம்பு அடித்த சுவர்போல் ஆகும். அதே கொக்கு வானத்துக்கு ஏறினால் கரிக்கட்டை. பறவைமேல் விழும் வெயில் மாறவே இல்லை, பின்னணிதான் மாறியது. அதனால் வெளிச்ச அளவை நீங்களே வைக்கும் மேனுவலுக்குப் போங்கள். வெயிலில் நிற்கும் கொக்கு ஒன்றைச் சோதனைக்கு எடுத்து, வெளிச்சம் மிஞ்சிய இடம் திரையில் மினுக்கும் எச்சரிக்கையைப் போட்டு, வெள்ளை மினுக்குவது நிற்கும்வரை வெளிச்சத்தைக் குறைத்து, அப்படியே விட்டுவிடுங்கள். மேனுவலிலும் ஆட்டோ ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் வசதி) அணைக்காமல் விட்டால் பழைய கதைதான்; பலர் சறுக்குவது இங்கே.

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் ஐஎஸ்ஓவையும் ஏற்ற வேண்டும்; அது ஏறினால் படம் புள்ளி புள்ளியாகுமே என்று பயந்து ஷட்டரை 1/500 நொடியில் வைப்பார்கள். புள்ளியைப் பிறகு ஓரளவு துடைக்கலாம், அசைவில் கலங்கிய பறவையின் கண்ணை என்ன செய்வது? நிதானமாகச் சிறகடிக்கும் சங்குவளை நாரைக்கு 1/1250 போதும். விர்ரென்று போகும் உள்ளானுக்கு 1/2500-க்கும் மேலே போகலாம்.

பறவையைப் படச் சட்டத்துக்குள் நெருக்கிப் பிடிப்பதும் ஆகாது. கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்கும், பூநாரையோ கழுத்தை முன்னும் காலைப் பின்னும் நீட்டிவிடும். இடம் விடாவிட்டால் கால் போய்விடும். கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் வெயில் ஏறிய பிறகு கானல் அலைகிறது. எந்த லென்ஸாலும் அதைத் தாண்டிக் கூர்மை வராது. காலையிலேயே முடித்துக்கொண்டு டீ குடிக்கப் போகலாம்.

என்னால் பொறுக்க முடியாதது, கைதட்டியும் கல்லெறிந்தும் கூட்டத்தைக் கிளப்புவது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிப் பட்டாசையே விட்டவர்கள். நமக்கு ஒரு படத்துக்குப் பொறுமை இல்லையா? அப்படிக் கிளப்பினால் பறவை நம்மை விட்டுத்தான் ஓடும், மறுபடியும் வால்தான். தானாக எழப்போகும் பறவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்: காற்றுப் பக்கம் திரும்பும், கழுத்தை நீட்டும், உடலை முன்னால் சாய்க்கும். பல சமயம் அதற்குச் சற்று முன் எச்சமிடும். எச்சம் விழுந்ததும் விரல் ஷட்டரில் இருக்கட்டும்.