ஒரே ஒரு காப்பி போதாது: விண்டோஸ் கீ + வி பழகுங்கள்

ஒரு பத்தியை கட் செய்துவிட்டு, அதை ஒட்டுவதற்குள் அவசரமாக வேறெதையோ காப்பி செய்து, அந்தப் பத்தி அடியோடு காணாமல் போன அனுபவம் கம்ப்யூட்டரில் எழுதுகிற பலருக்கும் இருக்கும். எனக்கு அப்படிப் போனது மொழிபெயர்ப்பு ஒன்றின் முழுப் பக்கம். ஃபைலையும் சேமித்து மூடிவிட்டதால் அன்டூ கைகொடுக்கவில்லை, மறுபடி உட்கார்ந்து எழுதினேன். காப்பி செய்ததைக் கம்ப்யூட்டர் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்தான் கிளிப்போர்டு. அதில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும், புதியது வந்தால் பழையது போய்விடும். 1970களில் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் உடன் இருந்தவர்களும் கட், காப்பி, பேஸ்ட்டுக்கு வடிவம் கொடுத்தார்கள். இன்றும் பெரும்பாலோர் அந்த ஒற்றை இடத்தை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம்.

இதற்கான மருந்து விண்டோஸிலேயே இருக்கிறது. விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டே வி-யைத் தட்டுங்கள். முதல் தடவை கிளிப்போர்டு ஹிஸ்டரியை ஆன் செய்யலாமா என்று கேட்கும், சரி என்று சொல்லிவிடுங்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்தே இது உண்டு, எதையும் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஆன் செய்த பிறகு காப்பி செய்கிறவற்றில் கடைசி 25 அங்கே வரிசையாக நிற்கும், புதியது மேலே. ஸ்கிரீன்ஷாட்டும் அதில் சேரும்.

ஆன் செய்தால் மட்டும் போதாது, கையின் பழக்கமும் மாற வேண்டும். பிடிஎஃப்பில் இருக்கிற பில்லை எக்செல்லில் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, தொகை. ஒவ்வொன்றையும் காப்பி செய்து, அங்கே போய் ஒட்டி, திரும்பி வந்து, மறுபடி காப்பி செய்தால் ஒரே பில்லுக்கு ஐந்து முறை போய்வர வேண்டும், நடுவில் எந்த வரியில் விட்டோம் என்று தேடவும் வேண்டும். அதற்குப் பதிலாக ஐந்தையும் பிடிஎஃப்பிலேயே அடுத்தடுத்து காப்பி செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஒரே தடவை எக்செல்லுக்குப் போய், விண்டோஸ் கீ + வி அழுத்தி ஒவ்வொன்றாக இறக்குங்கள். முதல் இரண்டு நாள் கை பழைய வழிக்கே ஓடும், பொறுமையாகத் திருப்புங்கள்.

திரும்பத் திரும்பத் தேவைப்படுகிற முகவரி, ஐஎஃப்எஸ்சி குறியீடு, மெயிலில் எப்போதும் எழுதுகிற நாலு வரி பதில் இவற்றைப் பட்டியலில் பக்கத்தில் இருக்கும் பின் (குண்டூசி) அடையாளத்தைத் தட்டி நிறுத்தி வையுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் மற்றவை போய்விடும், பின் செய்தவை போகாது.

வெப்சைட்டிலிருந்து எடுக்கும்போது நிறமும் எழுத்து அளவும் கூடவே வந்து தொல்லை கொடுத்தால், க்ரோமிலும் கூகுள் டாக்ஸிலும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அழுத்துங்கள், வெறும் எழுத்து மட்டும் வரும். தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று: பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்ததைக் காப்பி செய்தால் பட்டியலில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். கிளிப்போர்டில் கோளாறு இல்லை. அதை, எங்கும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

நாள் முழுக்க எழுத்தோடு புழங்குகிறவர்களுக்கு 25 பத்தாது, தேடும் வசதியும் அதில் இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது டிட்டோ என்ற விண்டோஸ் புரோகிராம். இலவசம், ஓப்பன் சோர்ஸ். கண்ட்ரோலோடு எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் கீயை அழுத்தினால் பட்டியல் திறக்கும், நினைவில் இருக்கிற ஒரு சொல்லைத் தட்டினால் போன வாரம் காப்பி செய்ததுகூட வந்து நிற்கும். கம்ப்யூட்டரை அணைத்தாலும் அழியாது. எனக்கு இந்தத் தேடல் ஒன்றே போதும், இனி இது இல்லாமல் வேலை செய்ய முடியும் என்று தோன்றவில்லை. மேக்கில் இதே வேலைக்கு மாக்கி இருக்கிறது. லினக்ஸில் கேடிஇ டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு கிளிப்பர் கூடவே வருகிறது.

இவ்வளவையும் நினைவில் வைக்கிற கருவி உங்கள் பாஸ்வேர்டையும் ஆதார் எண்ணையும் சேர்த்தேதான் வைத்திருக்கும், அதுவும் யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி. அதனால் பாஸ்வேர்டை நோட்பேடிலிருந்து காப்பி செய்கிற பழக்கத்தை விடுங்கள். கீபாஸ்எக்ஸ்சி போன்ற பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து எடுத்தால், ஹிஸ்டரியில் ஏற்ற வேண்டாம் என்ற குறியோடுதான் அது கிளிப்போர்டுக்கு அனுப்பும். கிளிப்போர்டு செட்டிங்கில் மற்ற கருவிகளோடு பகிரும் வசதி தேவையில்லை என்றால் அதையும் ஆஃப் செய்துவிடுங்கள். பிரவுசிங் சென்டரிலோ ஆபீஸில் பலர் உட்காரும் கம்ப்யூட்டரிலோ வேலை செய்தால், எழுந்திருக்கும் முன் விண்டோஸ் கீ + வி அழுத்தி எல்லாவற்றையும் அழியுங்கள். பின் செய்தவை அதில் அழியாது, ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்.